மூன்றாவது ஆள்

கிங்ஸ்டனிலிருந்து சட்பரிக்குத் திரும்பும் வழி முழுக்க லூக் கூர்ஷேன்தான் வேனை ஓட்டினான். மார்ச் மாதப் பனி கண்ணாடியில் அப்பிக்கொண்டே வந்தது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

"படிடா இன்னொரு தடவை" என்றான், பக்கத்து இருக்கையில் இருந்த மிக்கோவிடம்.

மிக்கோ கைபேசியில் பட்டியலைத் திறந்தான். ஏற்கெனவே நாலு முறை படித்தாயிற்று. "மூணாவது இடம், ஸ்லாக், சட்பரி. நானூத்திப் பத்து புள்ளி."

"அஞ்சாவது எவன்?"

"ஒட்டாவாக்காரனுங்க. இருநூத்தித் தொண்ணூறு."

"அவனுங்களுக்கு இன்னும் எத்தனை போட்டி பாக்கி?"

"ஒண்ணும் இல்ல. சீசன் முடிஞ்சுபோச்சு."

"அப்ப நம்மள இனிமே எவனும் அசைக்க முடியாது. சத்தமா சொல்லு!"

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டினா எவனும் அசைக்க முடியாது" என்றான் பின்னாலிருந்து டெவ்லின். மார்லா சிரித்தாள். கடைசி வரிசையில் டாரல் வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் அணி. ஐந்து பேர். ஆறு போட்டிகளுக்கு இதே வேனில் போய்வந்தவர்கள். ஆறிலும் சேர்த்த புள்ளியின்படி கிழக்குக் கனடாவில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் மே மாதம் மான்ட்ரியலில் இறுதிச்சுற்று. சட்பரியிலிருந்து இதுவரை யாரும் அங்கே போனதில்லை.

அவர்கள் ஆடுவது ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் கணினித் துப்பாக்கி விளையாட்டு. லூக் ஹெட்செட்டில் பேசிக்கொண்டே ஆடுவான்: யார் எந்த வாசலுக்குப் போவது, எப்போது பின்வாங்குவது எல்லாம் அவன் குரலில்தான் நடக்கும். முதல் ஆளாக வாசலுக்குள் பாய்வது மிக்கோவின் வேலை. பாதி நேரம் செத்துப்போவான். மீதி நேரம் இரண்டு பேரைச் சாய்த்துவிட்டுச் சாவான். அதற்கே லூக், "இவன் கதவை உடைச்சா போதும், மிச்சத்தை நாங்க பாத்துக்குவோம்" என்று எல்லா ஊரிலும் பெருமை பேசுவான்.

லூக்குக்கு இருபத்தொன்பது வயது. நிக்கல் சுரங்கத்தின் கிடங்கில் வேலை. உலையிலிருந்து கொட்டும் கசடின் பெயரைத்தான், ஸ்லாக் என்று, அணிக்கு வைத்திருந்தான். மிக்கோ பெல்கோலாவுக்கு இருபத்தொன்று. அவனுடைய அம்மா மறுமணம் செய்துகொண்டு தண்டர் பே போனபோது, பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை வைத்துக்கொண்டு தனியாக வாடகை கட்ட அவனால் முடியவில்லை. "என் பேஸ்மெண்ட்ல ஒரு ரூம் சும்மாதான கிடக்கு" என்றான் லூக். அப்படிப் போனவன் பதினான்கு மாதமாக அந்தக் கீழ்த்தள அறையில்தான் இருந்தான்.

புள்ளிகள் யாருக்குச் சொந்தம் என்பதில் அந்த லீக்கில் முன்பு ஒரு பெரிய சண்டை நடந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. முன்பெல்லாம் புள்ளிகள் அணியின் பெயருக்குத்தான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு முதலாளி, வருடம் முழுக்க உழைத்துப் புள்ளி சேர்த்த ஐந்து பேரையும் இறுதிச்சுற்றுக்கு ஒரு வாரம் முன்னால் வெளியே அனுப்பினான். வேறு ஐந்து பேரை அதே பெயரில் கூட்டிக்கொண்டு போய் ஆடினான். கேட்க ஆளில்லை. அப்போது ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கி, கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தி, விதியை மாற்றவைத்தவன் லூக்தான். அன்று முதல் புள்ளிகள் ஆட்டக்காரர்களுக்கே. ஐந்து பேரில் மூன்று பேர் சேர்ந்து எங்கே இருக்கிறார்களோ, புள்ளிகள் மொத்தமும் அங்கே. மீதி இரண்டு பேருக்கு ஒன்றும் கிடையாது. சீசன் முடிந்து ஐந்து நாள் ஆள் மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு பட்டியலைப் பூட்டிவிடுவார்கள்.

"இனிமே எந்த முதலாளியும் நம்ம வயித்துல அடிக்க முடியாது" என்று அந்த வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான் லூக். மூன்று பேர் என்ற கணக்கு முதலாளிகளைத் தடுக்கும் என்றுதான் அவன் நினைத்தான். ஆட்டக்காரர்களே எண்ண ஆரம்பிப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

கிங்ஸ்டனிலிருந்து வந்த மூன்றாம் நாள் மத்தியானம் டெவ்லின் கூப்பிட்டான். ஏரிக்கரைப் பக்கம் இருந்த டோனட் கடையில் அவனும் மார்லாவும் உட்கார்ந்திருந்தார்கள். மிக்கோவுக்கும் காபி வாங்கி வைத்திருந்தார்கள். டெவ்லின் காசு கொடுத்து எதையும் வாங்கித்தந்து மிக்கோ பார்த்ததில்லை.

"ஹார்பர்லைன் தெரியும்ல?" என்றான் டெவ்லின்.

"டொரண்டோக்காரங்க. பத்தாவதா வந்தாங்க."

"அவங்ககிட்ட எல்லாம் இருக்கு. ஆடறதுக்குன்னே ஒரு மாடி முழுக்க வச்சிருக்காங்க. சமைச்சுப் போட ஆள் இருக்கு. புள்ளிதான் இல்ல."

மிக்கோ காபியைக் கீழே வைத்தான்.

"நானும் மார்லாவும் போறோம்" என்றான் டெவ்லின். "இன்னும் ஒரு ஆள் வேணும்."

"லூக்?"

"லூக்கை அவங்க கேக்கல."

மார்லா இவ்வளவு நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது திரும்பினாள். "கோவப்படாம கேளு மிக்கோ. லூக் கை மெதுவாயிடுச்சு. எல்லாருக்கும் தெரியும், அவனுக்குத் தவிர. கிங்ஸ்டன் ஃபைனல்ல கடைசி மூணு ரவுண்டும் யாரால போச்சு?"

"அவன்தான நம்மள..."

"ஆமா, அவன்தான் சேத்தான். அதுக்காக ஆயுசு பூரா அவன் பேஸ்மெண்ட்ல உக்காந்து திட்டு வாங்கணுமா? மாசச் சம்பளம் தர்றாங்கடா. தங்க இடம் தர்றாங்க. நீ பீட்சா டப்பா தூக்க வேண்டாம்."

"நான் மாட்டேன்னா?"

டெவ்லின் தோளைக் குலுக்கினான். "மாட்டேன்னா டாரல். அவனைக் கேட்டா ஓடி வருவான். அப்ப நீயும் லூக்கும் பேஸ்மெண்ட்ல உக்காந்து முட்டையைப் பாத்துக்கிட்டு இருங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குப் பூட்டறாங்க. உன்னை முதல்ல கேக்கறோமேன்னு சந்தோஷப்படு."

அன்று மாலை லூக்கிடம் சொல்லிவிடுவது என்றுதான் மிக்கோ வீட்டுக்குப் போனான். பயிற்சி நடந்தது. டெவ்லினும் மார்லாவும் அவரவர் வீட்டிலிருந்து, ஒன்றும் நடக்காதது போல ஹெட்செட்டில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மிக்கோவுக்குக் கை ஓடவில்லை. ஒரே வாசலில் மூன்று முறை செத்தான்.

"கண்ணை எங்கடா வச்சிருக்க? பீட்சா டப்பாக்குள்ளயா?" லூக் எல்லார் காதிலும் விழும்படி கத்தினான். "மான்ட்ரியல்ல இப்படி ஆடினா என் மானம் போயிடும். உன்னை வச்சு நான் ஊர் பூரா பீத்திக்கிட்டுத் திரியறேன்!"

பயிற்சி முடிந்ததும் அதே லூக் ஒரு தட்டு நிறைய உருளைக்கிழங்கும் சீஸும் கிரேவியுமாகக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தான். "சாப்பிடு. கத்தினேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. மே மாசம் ஒரு வாரம் லீவு எழுதிக் குடுத்துட்டேன் தெரியுமா? சூப்பர்வைசர் கேட்டான், எதுக்குன்னு. மான்ட்ரியல்டான்னேன்."

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. மிக்கோ வாயில் உருளைக்கிழங்கை அடைத்துக்கொண்டு தலையை ஆட்டினான். திட்டு வாங்கின கோபம் பாதி, சாப்பாடு போட்டுவிட்டானே என்ற கூச்சம் பாதி. இரண்டுக்கும் நடுவே டாரலின் முகம். வேனில் வாயைத் திறந்துபோட்டுத் தூங்கும் அந்த முகம், ஹார்பர்லைன் சட்டைக்குள்.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு, ஒரு பல் மருத்துவமனைக்கு இரண்டு பீட்சா கொண்டுபோகிற வழியில், காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கைபேசியில் விரலால் கையெழுத்துப் போட்டான். ஒப்பந்தப் பத்திரம் பதினொரு பக்கம். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்தான். பீட்சா ஆறிவிட்டது என்று மருத்துவமனையில் ஒரு பெண் கடிந்துகொண்டாள். "மன்னிச்சிடுங்க" என்று அவளிடம் மூன்று முறை சொன்னான்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தேகாலுக்குப் பட்டியல் மாறியது. ஹார்பர்லைன், டொரண்டோ, நானூற்றுப்பத்து, மூன்றாவது இடம். ஸ்லாக் என்ற பெயர் கடைசியில் கிடந்தது, பக்கத்தில் ஒரு பூஜ்யம். யார் யார் போனார்கள் என்ற விவரம் திங்கட்கிழமைதான் வரும்.

லூக் திரையைப் பார்த்தபடி நின்றான். உட்காரவில்லை. டெவ்லினுக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. மார்லா எடுக்கவில்லை. மிக்கோ படிக்கட்டில் நின்றிருந்தான். அவன் மேலே ஏறிவந்ததே சொல்லிவிடத்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் லூக் அவனைக் கண்டு, வந்து தோளில் கை போட்டான்.

"நம்மள வித்துட்டாங்கடா" என்றான். குரல் உடைந்திருந்தது. "உன்னையும் என்னையும். உன்னைக்கூட விடல பாரு, நாய்ங்க."

மிக்கோவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஐந்தில் மூன்று போனால் இரண்டு மிச்சம். லூக் எண்ணிப் பார்த்திருக்கிறான். ஒரே கூரையின் கீழ் இருக்கும் மிக்கோவை அவன் மிச்சத்தில் சேர்த்துவிட்டான்.

"மூணாவது ஆள் டாரல்!" என்றான் லூக். "அந்த ஊமைப்பய! வாயே திறக்காம இருந்து..."

"லூக், இரு..."

லூக் காத்திருக்கவில்லை. டாரல் முதல் மணியிலேயே எடுத்தான். அதற்குப் பிறகு கால் மணி நேரம் லூக் பேசியதை எழுத முடியாது. டாரலையும் விடவில்லை, அவன் அப்பாவையும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக் கிடந்த அவன் அம்மாவையும் இழுத்தான். எதிர்ப்பக்கம் டாரல் ஏதோ சொல்ல முயல்வது மிக்கோவுக்குக் கேட்டது. திக்குவாய் இல்லாதவன் திக்கினான். மிக்கோ படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். 'நான்தான்' என்ற ஒரு சொல் போதும், லூக் நிறுத்தியிருப்பான். போனை வைத்ததும் லூக் அழுதான். மிக்கோ அவன் முதுகைத் தடவிக்கொடுத்தான். தன்னுடைய அந்தக் கையை மிக்கோ பின்னாளில் பலமுறை நினைத்துப் பார்த்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. டாரல். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. அவனாகவே வந்து, ஷூவைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்துவிட்டு, கைபேசியை லூக்கிடம் நீட்டினான்.

"படி" என்றான்.

டெவ்லின் அனுப்பிய செய்திகள். திங்கட்கிழமை, அதாவது மிக்கோவைக் கூப்பிட்டதற்கு முந்தைய நாள். 'உன்னைத்தான் முதல்ல கேக்கறோம், சந்தோஷப்படு.' அதன் கீழே டாரலின் பதில், ஒரே வரி: 'நான் வரல. நீங்களும் போகாதீங்க. இதோட விட்டா லூக்கிட்ட சொல்ல மாட்டேன்.'

"விட்டுட்டாங்கன்னு நினைச்சேன்" என்றான் டாரல். "மான்ட்ரியலுக்கு முன்னாடி டீமுக்குள்ள எதுக்குச் சண்டைன்னுதான் உன்கிட்ட சொல்லல. அது என் தப்பு. மத்தபடி நேத்து நீ சொன்னதுக்கெல்லாம் நான் ஆள் இல்ல."

லூக் அதை இரண்டு முறை படித்தான். பிறகு தலையைத் தூக்கினான். அவன் திரும்பிப் பார்க்க எடுத்துக்கொண்ட அந்த நேரம் மிக்கோவுக்கு மிக நீளமாக இருந்தது. அந்த அறையில் மூன்றே பேர் இருந்தார்கள். அதில் இருவர் மூன்றாவது ஆளைப் பார்த்தார்கள்.

"சொல்லலாம்னுதான் வந்தேன்..." என்றான் மிக்கோ.

"எப்ப?"

"நேத்து. அதுக்கு முன்னாடி செவ்வாய்க்கிழமையும். நான் இல்லன்னா டாரல் போயிடுவான்னு சொன்னாங்க. நான் மட்டும்..."

"நீ வந்து சொல்லியிருந்தா உன்னை ஒதைச்சிருப்பேன்" என்றான் லூக். கத்தவில்லை. ஹெட்செட்டில் ஒருபோதும் கேட்டிராத குரல். "ஒதைச்சுட்டு, ஒரு வாரம் பேசாம இருந்துட்டு, போய்த் தொலைன்னு விட்டிருப்பேன். புள்ளி போனா போகுது. ஆனா நான் இவனோட அம்மாவைப் பத்திப் பேசினேனே, பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தியேடா. என் முதுகைத் தடவினியே."

மிக்கோ ஓரத்தில் இருந்த டாரலின் ஷூவைப் பார்த்தான்.

லூக் டாரலிடம் திரும்பினான். "உங்க அம்மா எந்த வார்டு? நான் வந்து பாக்கணும்." பிறகு, மிக்கோ பக்கம் பார்க்காமலே, "உன் துணி டிரையர்ல கிடக்கு. எடுத்துக்க" என்றான்.

டொரண்டோவில் ஹார்பர்லைன் எல்லாம் சொன்னபடியே தந்தது. பதினோராவது மாடி, ஏரி தெரியும் ஜன்னல், வேளைக்குச் சோறு. மேலாளர் ஹாலிஸ் என்ற பெண்மணி எல்லாரிடமும் தன்மையாகப் பேசினாள். ஏப்ரல் முதல் வாரத்தில் பெயர்ப்பலகையில் ஆறு பெயர் இருப்பதை மிக்கோ பார்த்தான். டெவ்லின், மார்லா, அவன். மற்ற மூவரும் ஹார்பர்லைனின் பழைய ஆட்கள். ஆடுவது ஐந்து பேர்.

அந்தப் பழைய ஆட்களில் ஒருவன், முதல் ஆளாக வாசலுக்குள் பாய்கிறவன், மிக்கோவைவிட வேகமானவன். அதில் ஐயமே இல்லை. ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் மிக்கோவுக்கே தெரிந்துவிட்டது. இருந்தும் கேட்டான்.

"மேடம், நான் எப்ப ஆடுவேன்?"

"நீங்க பட்டியல்ல இருக்கீங்களே மிக்கோ" என்றாள் ஹாலிஸ். "விதிப்படி மூணு பேர் பட்டியல்ல இருந்தாப் போதும். நாற்காலில யாரு உக்காரணும்கறது ஆட்டத்துக்கு ஆட்டம் நாங்க முடிவு பண்றது. ஏழாவது பக்கத்துல எழுதியிருக்கு, படிச்சிருப்பீங்க."

"அப்ப என்னைக் கூப்பிட்டது..."

"நீங்க செய்ய வேண்டியதைச் செஞ்சு முடிச்சிட்டீங்க. அதுக்கு நாங்க ரொம்ப நன்றியோட இருக்கோம்" என்றாள் அவள். நிஜமாகவே நன்றியோடுதான் சொன்னாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

டெவ்லினிடம் போய்ச் சண்டை போட்டான். "உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"எனக்கு என்ன தெரியும்? நான் என் பத்திரத்தைப் படிச்சுக் கையெழுத்துப் போட்டேன்" என்றான் டெவ்லின். "சம்பளம் வருதுல்ல? சும்மா உக்காந்திருக்கக் காசு தர்றாங்கன்னா உனக்கு என்ன கசக்குது?"

"டாரலை முதல்ல கேட்டதை ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

பக்கத்தில் இருந்த மார்லா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

மான்ட்ரியலில் ஐந்தாயிரம் பேர் உட்கார்ந்த அரங்கு. மேடையில் ஐந்து நாற்காலி. அதற்குப் பின்னால், இருட்டில், ஆறாவது. மிக்கோ மூன்று நாளும் அணிச் சட்டை போட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தான். கேமரா அந்தப் பக்கம் வரும்போது கை தட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தட்டினான். ஹார்பர்லைன் பதினாறு அணிகளில் ஒன்பதாவதாக வந்தது. மோசமில்லை என்றார்கள். டெவ்லினுக்கும் மார்லாவுக்கும் அடுத்த வருடத்துக்கும் பத்திரம் போட்டார்கள். மிக்கோவுடையது ஜூன் முப்பதோடு முடிந்தது. ஹாலிஸ் ஒரு பூங்கொத்தும் கொடுத்து அனுப்பினாள்.

அவன் சட்பரிக்குப் போகவில்லை. மிசிசாகாவில் ஒரு பார்சல் கிடங்கில் சேர்ந்தான். ஆகஸ்டில் புதிய சீசனுக்காக எல்லா அணியின் புள்ளிகளையும் அழித்தார்கள். முதல் இடத்தில் இருந்தவனுக்கும் பூஜ்யம், கடைசியில் இருந்தவனுக்கும் பூஜ்யம். அதைப் பார்த்ததும் அவனுக்கு ஏனோ ஒரு தைரியம் வந்தது. செப்டம்பரில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், கிடங்கின் பின்பக்கம் நின்றுகொண்டு டாரலைக் கூப்பிட்டான். எடுக்கமாட்டான் என்று நினைத்தான். எடுத்தான்.

"புது டீம் போடறியாமே?" என்றான் மிக்கோ.

"ஆமா."

"லூக் ஆடறானா?"

"இல்ல. கம்ப்யூட்டரெல்லாம் எங்களுக்குக் குடுத்துட்டான். ஞாயித்துக்கிழமை வந்து கத்திட்டுப் போவான்."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நடக்கறாங்க."

பின்னால் ஒரு லாரி பின்வாங்கிக்கொண்டு சத்தம் போட்டது.

"எத்தனை பேர் ஆச்சு?" என்றான் மிக்கோ.

"நாலு. அஞ்சாவது ஆள் தேடறோம்."

"டாரல், நான் வேணா..."

"நீ நல்லா ஆடுவ" என்றான் டாரல், குறுக்கிட்டு. "எங்க நாலு பேரையும் விட நல்லா ஆடுவ. எனக்குத் தெரியும். ஆனா உன் பேரை எழுதினா நாங்க எல்லாரும் தினமும் மனசுக்குள்ள மூணு வரைக்கும் எண்ணிப் பாத்துக்கிட்டே இருப்போம். அப்படி ஆட முடியாது மிக்கோ."

"ஒரு தடவைதான..."

"போனை வைக்கறேன். பயிற்சி இருக்கு."

அந்த வாரமே அவர்கள் ஐந்தாவது ஆளைச் சேர்த்துவிட்டார்கள் என்று மிக்கோ பட்டியலில் பார்த்துத் தெரிந்துகொண்டான். பதினேழு வயதுப் பெண், நார்த் பே ஊர்க்காரி. அவள் எப்படி ஆடுகிறாள் என்று ஒரு போட்டியை உட்கார்ந்து பார்த்தான். முதல் வாசலிலேயே செத்தாள். இரண்டாவதிலும் செத்தாள். மூன்றாவதற்கும் அவளையே முதலில் அனுப்பினார்கள். அவன் ஒலியைக் குறைத்து வைத்துவிட்டு முழுப் போட்டியையும் பார்த்தான்.